கஞ்சிக் கும்பாவுக்கு அடித்த யோகம்

ஜப்பான் அரசு தேசியப் பொக்கிஷம் என்று பட்டம் கட்டிப் பாதுகாக்கும் தேநீர்க் கிண்ணங்கள் மொத்தம் 8. அவற்றில் 5 சீனாவிலிருந்து போனவை. 2 உள்ளூர்ச் சரக்கு. மீதமுள்ள ஒன்று கொரியாவில் ஏதோ ஓர் ஏழைச் சம்சாரி கஞ்சி குடித்த கும்பா. அதற்குப் பெயர் கிசாஎமொன். ஆமாம், கும்பாவுக்குத்தான் பெயர். அங்கே பேர்பெற்ற கிண்ணங்களுக்கு ஆளுக்கு வைப்பதைப்போலப் பெயர் வைப்பார்கள். யார் வீட்டில் இருந்தது, யாருக்குப் போனது, என்ன விலைக்குப் போனது என்று வம்சாவளியும் எழுதி வைப்பார்கள். பிள்ளைகளுக்குக்கூட அத்தனை விவரமாக ஜாதகம் இருக்காது.

கும்பா 16ஆம் நூற்றாண்டுச் சரக்கு. வாய் அகலம் 15 செ.மீ.க்குக் கொஞ்சம் கூட, உயரம் சுமார் 9 செ.மீ. சக்கரத்தை அவசரமாகச் சுற்றி இழுத்த விரல் தடம் வரிவரியாக அப்படியே நிற்கிறது. அதைத் தடவிச் சமப்படுத்த அந்தக் குயவருக்கு நேரமும் இல்லை, கூலியும் இல்லை. அடிப்பாகத்தில் பூச்சு சரியாக உருகி ஓடாமல் சொறி சொறியாகத் திரண்டிருக்கிறது. உடம்பெல்லாம் மயிரிழைக் கீறல். விளிம்பில் ஒட்டுப்போட்ட தடம். இதை விளாத்திகுளம் சந்தையில் கொண்டுவந்து வைத்தால், வாங்க வருகிற ஆச்சி முதலில் சுண்டிப் பார்ப்பாள். சத்தம் கணீரென்று வராது. “கீறல் விழுந்த சட்டிய யாரு தலையில கட்டப் பாக்க?” என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவாள்.

இப்படிப்பட்ட தேநீர்ச் சாமான்களுக்காகத்தான் ஜப்பான் துரைமார்கள் கோட்டையை விட்டார்கள், தலையை விட்டார்கள், சமயத்தில் புத்தியையும் விட்டார்கள். குளத்தூர்க் கரிசலில் பிறந்து, கம்பங்கூழைக் கும்பாவில் கரைத்துக் குடித்து வளர்ந்தவனுக்கு இதைப் படிக்கையில் சிரிப்பும் வரும், கொஞ்சம் வயிற்றெரிச்சலும் வரும். நம் வீட்டுக் கும்பாவையும் எவனாவது கடத்திக்கொண்டு போயிருக்கக்கூடாதா?

ஆரம்பத்தில் ஜப்பான் பெரிய வீடுகளில் சீனச் சரக்குக்குத்தான் மவுசு. 15ஆம் நூற்றாண்டில் அஷிகாகா யோஷிமாசா என்றொரு ஷோகன் இருந்தார். ஷோகன் என்றால் பேருக்குச் சேனாபதி, உண்மையில் நாட்டை ஆள்கிறவர். இவர் அதிகமாக ஆளவில்லை, ரசித்துக்கொண்டிருந்தார். ஊரில் உள்நாட்டுப் போர் 10 வருஷம் எரிந்தபோது இவர் ஓவியமும் தோட்டமும் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரிடம் இளம்பச்சை நிறத்தில் ஒரு சீனக் கிண்ணம் இருந்தது. அதில் கீறல் விழுந்துவிட்டது. “இதேபோல் இன்னொன்று அனுப்பவும்” என்று கிண்ணத்தையே சீனாவுக்கு அனுப்பினாராம். அங்கே பார்த்தார்கள். இப்போதெல்லாம் இந்தத் தரத்தில் வருவதில்லை என்று சொல்லி, கீறலின்மேல் வரிசையாக இரும்புக் கவ்வி அடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தியாவில் எந்தக் கடைக்காரரும் இன்றுவரை சொல்லும் பதில்தான் இது: பழசு மாதிரி வராது சார், ரிப்பேர் பண்ணிக் குடுத்திடறோம். வேறு ஆளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். ஜப்பானியர்கள் அந்தக் கவ்வியைப் பார்த்து, வெட்டுக்கிளி உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்து, கிண்ணத்துக்கு அதையே பெயராக வைத்து, முன்னைவிட அதிகமாகக் கொண்டாடினார்கள். இன்று அது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் கவ்வியும் கிண்ணமுமாக இருக்கிறது.

கீறல் விழுந்தது அழகு என்று ஒருமுறை ஒத்துக்கொண்டால், அப்புறம் அதற்கு எல்லையே கிடையாது. முராதா ஜுகோ என்ற துறவி, பளபளப்பான சீனச் சரக்கு ஒருபுறம் இருக்கட்டும், கரடுமுரடான உள்ளூர்ச் சட்டியிலும் கண்ணை வையுங்கள் என்று கிளப்பிவிட்டார். அடுத்த நூறு வருஷத்தில் அது வெறியாகவே மாறியது.

வெறியை அரசியலாக மாற்றியவர் ஓதா நொபுனாகா என்ற போர்த்தலைவர். இவர் ஊர் ஊராகப் பிடித்தபோது கூடவே ஊர் ஊராகத் தேநீர்ச் சாமான்களையும் பிடித்தார். வசதியான வியாபாரிகள் வீட்டுக்கு ஆள் அனுப்பி, உன்னிடம் இருக்கும் பேர்போன கிண்ணத்தைக் கொடு என்பார்கள். விலையும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் அதிகமில்லை. இப்படிச் சேர்த்த சாமான்களைப் போரில் ஜெயித்துக் கொடுத்த தளபதிகளுக்குப் பரிசாகக் கொடுத்தார். நிலம் கொடுத்தால் தீர்ந்துபோகும். சட்டிக்கு மதிப்பை ஏற்றிவிட்டால் நிலத்தைக் கொடுக்காமலே தப்பிக்கலாம். எட்டயபுரம் ஜமீனுக்கு இந்த யோசனை தோன்றாமல் போனது தோன்றாமல் போனதுதான்.

1582இல் தகிகாவா கசுமாசு என்ற தளபதி பெரிய போர் ஒன்றை முடித்துக் கொடுத்தார். நொபுனாகா மனம் குளிர்ந்து ஒரு மாகாணத்தையே தூக்கிக் கொடுத்தார். தளபதிக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில் இல்லை. அவர் எதிர்பார்த்திருந்தது தேயிலைத் தூள் போட்டு வைக்கும் சின்னக் கத்தரிக்காய் வடிவச் சாடி ஒன்று. அதைக் கேட்கலாம் என்றிருந்தேன், இந்தத் தூரதேசத்தில் கொண்டுவந்து தள்ளிவிட்டார்கள், இனி எங்கே தேநீர் என்று அவர் கடிதத்தில் புலம்பியிருக்கிறார்.

மட்சுநாகா ஹிசாஹிதே என்ற பிரபுவின் கதை இதைவிடக் கொடுமை. இவர் நொபுனாகாவிடம் ஒரு சாடியைக் கொடுத்து உயிர் பிழைத்தவர். பிறகு அவருக்கு எதிராகவே கிளம்பினார். 1577இல் ஷிகி மலைக்கோட்டையில் மாட்டிக்கொண்டார். அவரிடம் சிலந்தி பதுங்கியிருக்கிற தினுசில் தட்டையான வெந்நீர்க் கெண்டி ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் தலை தப்பும் என்றார்களாம். இவர் கெண்டியையும் உடைத்தார், தன்னையும் முடித்துக்கொண்டார். பிற்காலத்தில் கதை சொன்னவர்களுக்கு அது போதவில்லை. கெண்டிக்குள் வெடிமருந்தை நிரப்பி, கழுத்தில் கட்டிக்கொண்டு திரி வைத்தார் என்று சேர்த்துவிட்டார்கள். சிவகாசிக்குப் பக்கத்தில் இருப்பதால் எனக்கு இரண்டாவது கதைதான் பிடித்திருக்கிறது.

நொபுனாகாவும் சும்மா போகவில்லை. 1582இல் கியோத்தோவில் ஹொன்னோ கோயிலில் தங்கி, கொண்டுவந்த சாமான்களைப் பெரிய மனிதர்களுக்குக் காட்டிப் பெருமை அடித்த கையோடு, தன் தளபதியே துரோகம் செய்ய, கோயிலோடு எரிந்துபோனார். சாமான்களில் பலவும் அவரோடு போயின. வரலாற்றாசிரியர்கள் அரசியல் மாற்றம் என்று எழுதுகிறார்கள். தேநீர்க்காரர்கள் இன்றுவரை அந்தக் கிண்ணங்களுக்காகத்தான் உச்சுக் கொட்டுகிறார்கள்.

அடுத்து வந்தார் நம்ம ஆள். தொயோதோமி ஹிதெயோஷி, சம்சாரி வீட்டுப் பிள்ளை. நொபுனாகா இவரை ‘மொட்டை எலி’ என்று கடிதத்தில் எழுதியது இன்னும் இருக்கிறது. எழுதியதும் இவர் பெண்டாட்டிக்கே. குடும்பப் பெயர்கூட இல்லாமல் பிறந்து ஜப்பான் முழுவதையும் கையில் போட்டுக்கொண்டவர். புதுப்பணம் வந்தால் வீட்டுக்கு முகப்பு கட்டுவது உலக வழக்கம். இவர் தங்கத்தில் டீ அறை கட்டினார். சுவர் தங்கத் தகடு, கெண்டி தங்கம், கிண்ணம் தங்கம். கழற்றி மாட்டுகிற மாதிரி செய்திருந்ததால் 1586இல் அரண்மனைக்கே தூக்கிக்கொண்டு போய் சக்கரவர்த்திக்கு அதில் தேநீர் கொடுத்தார். சீர்வரிசையை வண்டியில் ஏற்றித் தெருவெல்லாம் காட்டிக்கொண்டு போகிற சம்பந்தி வீட்டாரை நம் ஊரில் பார்த்தவர்களுக்கு அவர் மனசு புரியும்.

மறுவருஷம் கியோத்தோ கிதானோவில் ஊர்கூட்டித் தேநீர் விருந்து. 10 நாள் நடக்கும் என்று பலகை எழுதி மாட்டினார். பிரபு, வியாபாரி, குடியானவன், கூலிக்காரன் எவனும் வரலாம். ஒரு கெண்டி, ஒரு வாளி, ஒரு கிண்ணம் கொண்டுவந்தால் போதும். பாய் இல்லையென்றால் கோணி போதும். தேயிலை வாங்க வழியில்லாதவன் வறுத்த பார்லி மாவைக் கரைத்தாலும் சரி. இதுவரை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரியில்தான் மொட்டை எலி வாலைக் காட்டியது. இந்த விருந்துக்கு வராதவன் இனிமேல் வாழ்நாளில் தேநீர் போடக்கூடாது, பார்லிக் கரைசல்கூடப் போடக்கூடாது. அன்பாகக் கூப்பிட்டால் யார் வராமல் இருப்பார்கள்! முதல் நாள் நூற்றுக்கணக்கான குடிசைகள் முளைத்தன. ஹெச்சிகன் என்ற ஒரு கிறுக்கர் பெரிய சிவப்புக் குடையை நட்டு அதன்கீழ் கடை போட்டு எல்லார் கண்ணையும் பறித்தார். ஹிதெயோஷியே தன் கையால் போட்டுப் பல பேருக்குக் கொடுத்தார். மறுநாள் விருந்து ரத்து. தெற்கே கலகம் என்று ஒரு காரணம் சொல்கிறார்கள். முதல் நாளே அவருக்குக் கை வலித்திருக்கும் என்பது என் கட்சி.

இந்தக் கூத்துக்கெல்லாம் சூத்திரதாரி சென் நோ ரிக்யூ. சகாய் துறைமுகத்து வியாபாரி மகன். எஜமானர் தங்கத்தில் அறை கட்ட, இவர் மண்சுவரில் இரண்டு பாய் மட்டும் விரிக்கிற அறை கட்டினார். அதற்குள் நுழைய வாசல் கிடையாது, ஒரு பொந்துதான் உண்டு. முட்டி போட்டுத் தலையைக் குனிந்தால்தான் உள்ளே போகலாம். வாளை வெளியே மாட்டிவிட வேண்டும். ஜப்பானையே மண்டியிட வைத்த ஹிதெயோஷியை மண்டியிட வைத்த ஒரே ஆள் இந்த வியாபாரிதான், அதுவும் தேநீர் கொடுக்கிறேன் என்று ஆசைகாட்டி.

ரிக்யூவுக்குக் கிண்ணம் செய்துகொடுக்க வந்தவர் சோஜிரோ. இவருக்குக் கிண்ணத் தொழில் பழக்கமில்லை, கூரை ஓடு போடுகிறவர். அதனால்தானோ என்னவோ சக்கரமே தொடாமல் கையாலேயே பிசைந்து, கத்தியால் சீவி, கறுப்புக் கிண்ணம் செய்தார். சின்னச் சூளையில் வைத்து, நெருப்புச் சிவப்பாக இருக்கும்போதே இடுக்கியால் வெளியே இழுத்துப் போட்டால் பூச்சு சட்டென்று குளிர்ந்து கன்னங்கரேலென்று ஆகும். அதுதான் ராக்கு கிண்ணம். அவர் வம்சம் இன்னும் அதே தொழிலில் இருக்கிறது. இப்போது நடப்பது 16ஆம் தலைமுறை.

ஹிதெயோஷிக்குக் கறுப்பு பிடிக்காது. இதை ஹகாத்தா வியாபாரி ஒருவர் 1590இல் தன் டைரியில் குறித்து வைத்திருக்கிறார். பிடிக்காது என்று தெரிந்தும் ரிக்யூ கறுப்புக் கிண்ணத்தை எடுத்து வைப்பார். கரிசலில் பிறந்தவன் என்கிற முறையில் நான் இந்த விஷயத்தில் ரிக்யூ பக்கம். ஆனால் கண்ட செலவுக்கெல்லாம் காசு கொடுக்கிற முதலாளியிடம் அவருக்குப் பிடிக்காத கிண்ணத்தைத் திரும்பத் திரும்ப நீட்டினால் முடிவு எப்படி இருக்கும்?

1591இல் முடிவு வந்தது. குற்றப்பத்திரிகையில் இரண்டு விஷயங்கள். ஒன்று, தேநீர்ச் சாமான்களை அநியாய விலைக்கு விற்றார் என்பது. தேநீர் உலகத்தில் இது குற்றமென்றால் மிச்சம் ஒருவரும் உயிரோடு இருக்க முடியாது. இன்னொன்று, தைதோகுஜி கோயில் வாசல் கோபுரத்துக்கு ரிக்யூ பணம் கொடுத்துக் கட்டியிருந்தார். நன்றிக்கடனாகக் கோயில்காரர்கள் அவருடைய மரச்சிலையைச் செருப்புக் காலோடு மாடியில் நிறுத்திவிட்டார்கள். அப்படியானால் கீழே வாசலில் நுழையும் ஹிதெயோஷி, ரிக்யூவின் செருப்புக்குக் கீழே போகிறார் என்று ஆகிறதே! முதலில் சிலைக்குத்தான் தண்டனை. மரச்சிலையை இறக்கிக் கொண்டுபோய், கியோத்தோவில் ஒரு பாலத்தடியில் கம்பத்தில் கட்டி அறைந்தார்கள். ஜனங்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். பிறகு ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொன்னார்கள். வயது 70. கடைசியாக ஒரு தேநீர் போட்டுவிட்டுச் செத்தார் என்பார்கள்.

கும்பா உடைந்து, தலை தப்பிய கதையும் ஒன்று உண்டு. ஹிதெயோஷிக்கு உயிரான ஒரு கொரியக் கும்பாவை விருந்தில் ஒரு சின்னப் பையன் கைதவறிப் போட்டான். ஐந்து துண்டு. பையனுக்கும் அதே கதி என்று எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்க, ஹொசோகாவா யூசாய் என்ற கவிராயர் பழைய பாட்டு ஒன்றைத் திருகி, ஐந்தாக உடைந்த குற்றம் என்மேல் போகட்டும் என்கிற மாதிரி நொடியில் ஒரு கேலிப் பாட்டுக் கட்டினார். பெரியவர் சிரித்துவிட்டார். பையன் பிழைத்தான். ஒட்டுப்போட்ட கும்பாவின் மதிப்பு, பாட்டும் சேர்ந்துகொண்டதால், உடைவதற்கு முன் இருந்ததைவிட ஏறிவிட்டது.

கொரியக் கும்பாமேல் இத்தனை ஆசை வைத்தவர் கொரியாவைச் சும்மா விடுவாரா? 1592இல் படை போனது. 1597இல் இன்னொரு முறை போனது. இலக்கு சீனா, கொரியா வழியில் இருந்தது என்பதுதான் அதன் பாவம். படை புறப்பட்ட துறைமுகக் கோட்டைக்கும் அந்தத் தங்க டீ அறை பெட்டி பெட்டியாகப் போனது. போரில் ஜெயித்த கணக்குக் காட்டத் தலைக்குப் பதில் மூக்கை அறுத்து உப்புப்போட்டு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். அந்த மூக்குகளைப் புதைத்த மேடு கியோத்தோவில் இப்போதும் இருக்கிறது. இந்த இடத்தில் என்னால் கிண்டலடிக்க முடியவில்லை, தாண்டிப் போகிறேன்.

1598இல் ஹிதெயோஷி செத்ததும் படை திரும்பியது. சீனாவும் கிடைக்கவில்லை, கொரியாவும் கிடைக்கவில்லை. ஆனால் பிரபுக்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை, ஆளுக்குக் கொஞ்சம் கொரியக் குயவர்களைக் குடும்பத்தோடு பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஹாகியில் கொண்டுபோய் வைத்தவர்கள் ஹாகிக் கிண்ணம் செய்தார்கள். சத்சுமாவில் இறக்கியவர்கள் சத்சுமாக் கிண்ணம் செய்தார்கள். இ சாம்-பியோங் என்ற கொரியர் 1616 வாக்கில் அரிதாவில் வெள்ளைக் களிமண் கண்டுபிடித்து, ஜப்பானின் பீங்கான் தொழிலையே தொடக்கிவைத்தார் என்று அந்த ஊரில் அவருக்குக் கோயில் மாதிரி வைத்துக் கும்பிடுகிறார்கள். உலகச் சண்டைகளில் மண்ணைப் பிடிக்கப் போனவர்கள் உண்டு, பொன்னைப் பிடிக்கப் போனவர்கள் உண்டு. ‘குயவர் போர்’ என்றே பெயர் வாங்கிய சண்டை இது ஒன்றுதான்.

ரிக்யூவின் சீடர் ஃபுருதா ஒரிபே பற்றி ஒரு வார்த்தை. குரு கறுப்பாகக் கொடுத்தால் சீடர் கோணலாகக் கொடுத்தார். பெரிதாக இருக்கிறது என்று ஒரு கொரியக் கும்பாவைக் குறுக்கும் நெடுக்குமாக நான்காக அறுத்து, ஓரத்தைக் குறைத்து, மறுபடி ஒட்டிச் சின்னதாக்கினார். சட்டையை அளவு குறைக்கிற டெய்லர் கதைதான். கும்பா இன்னும் தோக்கியோவில் இருக்கிறது, நடுவில் சிலுவைத் தழும்போடு. 1615இல் அவரையும் வயிற்றைக் கிழித்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் தேநீர் வாத்தியார் வேலைக்கு ஓய்வூதியம் இருந்ததாகத் தெரியவில்லை.

இனி நம் கிசாஎமொனுக்கு வருவோம். தாகெதா கிசாஎமொன் என்பவர் ஒசாகா வியாபாரி. அவரிடம் இருந்ததால் கும்பாவுக்கும் அந்தப் பெயர். இதை வைத்திருந்த ஒரு மைனர் சொத்தையெல்லாம் அழித்து, கடைசியில் தாசித் தெருவுக்கு வழிகாட்டுகிற தரகு வேலைக்கு வந்துவிட்டான். வீடு போயிற்று, மானம் போயிற்று, கும்பாவை மட்டும் விற்க மனம் வரவில்லை. உடம்பெல்லாம் கட்டி கிளம்பிச் செத்துப்போனான். அன்றிலிருந்து இது வைத்திருப்பவனுக்குக் கட்டி வரவைக்கும் கும்பா என்று பெயர் பரவியது. கை மாறி, ஊர் மாறி, 1775 வாக்கில் மட்சுயே துரை மட்சுதைரா ஃபுமாயிடம் வந்து சேர்ந்தது. விலை 550 பொற்காசு. இந்த ஃபுமாய் கடனில் கிடந்த சமஸ்தானத்தைச் சிக்கனம் பிடித்து மீட்டவர். மீட்ட பணத்தைக் கிண்ணம் வாங்கிக் கரைத்தவரும் அவரே.

அவருக்கும் இருமுறை கட்டி வந்தது. அம்மணி காலைப் பிடித்துக் கெஞ்சினார், அந்தச் சனியனை வெளியே அனுப்புங்கள் என்று. கட்டி இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். கும்பா போனால் வருமா? துரை மறுத்துவிட்டார். அவர் காலத்துக்குப் பிறகு மகனுக்கும் கட்டி. மகனுக்கு அப்பா அளவுக்கு ரசனை இல்லை, அதனால் புத்தி இருந்தது. கும்பாவைத் தைதோகுஜியில் தங்கள் குடும்பத்துக் கோயிலான கோஹோஆனுக்குக் கொடுத்துக் கையைக் கழுவிவிட்டார். வேண்டாத சாமானைக் கோயிலில் கொண்டுபோய் வைப்பது அங்கேயும் உண்டுபோல. துறவிகளுக்குக் கட்டி வந்ததாகத் தகவல் இல்லை.

1931இல் யனகி சோயெட்சு என்பவர் இதைப் பார்க்க அனுமதி வாங்கினார். பேர் இல்லாத கைவினைஞர்களின் சாதாரணச் சாமான்தான் உயர்ந்த அழகு என்று சாதித்துக்கொண்டிருந்த மனிதர். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் பெட்டி என்று ஐந்து பெட்டி திறந்து, ஊதாப் பட்டைப் பிரித்தால், உள்ளே இதைவிடச் சாதாரணமாக ஒன்று உலகத்தில் இருக்க முடியாது என்கிற மாதிரி ஒரு கஞ்சிக் கும்பா. யனகிக்கு ஆனந்தம் தாங்கவில்லை, தன் கட்சி ஜெயித்துவிட்டதே! இப்போது சில ஆராய்ச்சியாளர்கள், இது கஞ்சிக் கும்பாவே இல்லை, சடங்குப் பாத்திரமாக இருக்கலாம் என்று கிளப்புகிறார்கள். ஏழைக்கு இருந்த ஒரே பெருமையையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

யனகியின் தோழர் மாஷிகோ ஊர்க் குயவர் ஹமாதா ஷோஜி. இவர்கள் சகவாசம் 1919இல் ஜப்பானுக்கு மண்பாண்டம் படிக்கப்போன டில்லி குர்சரண் சிங்குக்கும் வாய்த்தது. திரும்பி வந்து டில்லியில் நீலப் பாண்டத் தொழிலை வளர்த்தார். தமிழ்நாட்டுப் பக்கம் அந்தக் காற்று வீசியது அரை நூற்றாண்டு கழித்து. ஹமாதாவைப் பற்றிப் புத்தகம் எழுதப்போன சூசன் பீட்டர்சனுக்கு ஜப்பானிய மொழியில் உதவிய டெபோரா ஸ்மித், பிசென் ஊரில் யமமோட்டோ தோஷுவிடம் மண் பிசைந்து பழகியவர். அவரும், கட்டடக்கலை படிக்கப்போய் மண்ணில் விழுந்த ரே மீக்கரும் 1971இல் பாண்டிச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்கு விறகில் எரித்து, கல்போல இறுகும் சூட்டுக்குக் கொண்டுபோய், ஜப்பானியக் கைவாகில் கிண்ணம் செய்தார்கள். அங்கே பழகியவர்கள் இன்று இந்தியா முழுக்கச் சூளை வைத்திருக்கிறார்கள். மீக்கருக்குக் கிண்ணம் போதவில்லை. பச்சை மண்ணால் முழு வீடு கட்டி, உள்ளே செங்கலும் சட்டியும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிக் கொளுத்திச் சுட்டெடுத்தார். வீடு நின்றது. இதை ஒருவரும் வீண்வேலை என்று சொல்லவில்லை. நம் ஊர்க் குயவர், வேளார் ஒருவர் செய்திருந்தால் சொல்லியிருப்பார்கள்.

நம்மிடமும் சரக்கு இல்லாமல் இல்லை. குளத்தூரிலிருந்து தெற்கே தாமிரபரணிக் கரைக்குப் போனால், அதே தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூரில் வேண்டியமட்டும் இருக்கிறது. கிண்ணத்தைக் கவிழ்த்து அடுக்கிச் சுட்டால் உள்ளே காற்று இல்லாமல் கறுக்கும், வெளியே சிவக்கும். கறுப்பும் சிவப்புமாக இரும்புக்காலத்திலேயே செய்து, செத்தவர்களோடு தாழியில் போட்டுப் புதைத்திருக்கிறார்கள் (கட்சிக்காரர்கள் யாரும் உரிமை கொண்டாட வேண்டாம்). 1876இல் ஜெர்மன்காரர் யாகோர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899க்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து விரிவாகத் தோண்டினார். ஆள் கடத்தாமல் தோண்டியதை மட்டும் கொண்டுபோனார்கள் என்பதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

கரிசல் மண் மட்டும் இந்த வேலைக்கு ஒத்துழைக்காது. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வாய் பிளக்கும். சும்மா கிடக்கிற தரையே வெடிக்கிற மண்ணில் கிண்ணம் செய்தால் கிண்ணம் என்ன கதி ஆகும்? குளத்து வண்டலை எடுத்து மணல் கலந்தால்தான் வேளார் கையில் நிற்கும். ஐயனார் குதிரையும் அவர்தான் செய்வார், பல கோயில்களில் பூசாரியும் அவர்தான். யனகி பார்த்திருந்தால் ஐந்து பெட்டி தயார் செய்திருப்பார்.

டீ நமக்குப் பின்னால் வந்த சங்கதி. தாது வருஷப் பஞ்சத்திலும் அதற்கு முன்னும் பின்னும் இந்த வறண்ட சீமையிலிருந்து ஆள் ஆளாகத் தூத்துக்குடி வழியாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். தட்டப்பாறையில் முகாம் போட்டு அடைத்து வைத்துக் கப்பலேற்றினார்கள். தேயிலையைப் பறிக்கக் கற்றது முதலில், குடிக்கக் கற்றது அப்புறம். 1930களில் தேயிலைக் கம்பெனிக்காரர்கள் ஊர் ஊராக வந்து சும்மா ஊற்றிக் கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். கூழ்க் கும்பா அடுப்பங்கரைக்குப் பின்வாங்கியது.

டீயோடு கூடவே நாம் சொந்தமாகக் கண்டுபிடித்ததும் ஒன்று உண்டு. அதைச் சொல்லுமுன் ஜப்பான் வழக்கத்தைப் பார்த்துவிடுவோம். ஜப்பானில் கெட்டித் தேநீர் என்றால் ஒரே கிண்ணம்தான். விருந்தாளிகள் வரிசையாக வாய் வைத்துக் குடித்து, விளிம்பைத் துடைத்து அடுத்தவருக்குத் தருவார்கள். ஓதானி யோஷித்சுகு என்ற பிரபுவுக்குத் தொழுநோய். ஒரு விருந்தில் அவர் முகத்திலிருந்து ஒரு சொட்டு கிண்ணத்தில் விழுந்துவிட்டது என்றும், அடுத்தவர்கள் குடிப்பதுபோல் பாவனை செய்து நகர்த்த, இஷிதா மித்சுனாரி மட்டும் வாங்கி மிச்சம் வைக்காமல் குடித்தார் என்றும் கதை. 1600இல் சேகிகஹாரா போரில், தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும் ஓதானி அவர் பக்கம் நின்று செத்தார். நடந்ததோ இல்லையோ, அதைச் சொல்லி வளர்ந்த ஊர் அது. கும்பாவுக்காக மூக்கறுத்த அந்தப் பாவிகள், ஒரே கும்பாவில் வாய் வைத்தார்கள். கும்பாவுக்காக ஒரு ஈயைக்கூட அடிக்காத நாம், டீக்கடையில் ஒருவனுக்குக் கண்ணாடி கிளாஸும் இன்னொருவனுக்குச் சிரட்டையும் வைத்தோம். குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டியதும் அவனே. தீண்டாமை குற்றம் என்று 1955இல் சட்டம் வந்தபிறகும் சிரட்டை சில கூரைகளில் சொருகித்தான் கிடந்தது. அப்புறம் அது தனி கிளாஸாக வேஷம் மாறியது. பேப்பர் கப் வந்து ஊரெல்லாம் ஒரே குப்பையில் விழுகிறது; டீயின் ருசியைக் கெடுத்தாலும் அந்தப் புண்ணியம் அதற்கு உண்டு.

குளத்தூர் டீக்கடைப் பெஞ்சு ஒன்றில் இந்தக் கதையை ஒரு சாயங்காலம் எடுத்துவிட்டேன். தங்க அறைக்கு ஒருவர் ‘அடேங்கப்பா’ போட்டார். கட்டி வந்ததற்கு இன்னொருவர் வேப்பிலை அரைத்துப் போடச் சொன்னார். கடைக்கார அண்ணாச்சி மட்டும் ஆற்றிக்கொண்டே கேட்டார்.

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. அந்தக் கிண்ணத்துல என்ன டீ ஊத்துவாங்க?”

“பச்சைத் தூள் அண்ணாச்சி. வெந்நீர் ஊத்தி, மூங்கில் குச்சியில செஞ்ச மத்தால நுரை வர அடிக்கணும்.”

“பாலு எப்ப ஊத்தணும்?”

“பால் கிடையாது.”

“சீனி?”

“அதுவும் கிடையாது.”

“இஞ்சி, ஏலக்காயாவது தட்டிப் போடுவாங்களா?”

“ஒண்ணும் கிடையாது அண்ணாச்சி. கசக்கும்.”

அண்ணாச்சி ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏன்வே, ஒரு கசாயத்துக்கா இம்புட்டு வெட்டுக்குத்து? அந்தக் கொரியாக்காரன்கிட்டயே விட்டிருந்தா அவன் அதுல கஞ்சியாவது குடிச்சிருப்பான்லா.”